ஃபுகுஷிமாவுக்குப் பிறகு ஜப்பான் மக்கள் மனம் மாறிவிட்டார்களா?

கேள்வி இது: "அணுகுண்டையும் பார்த்து ஃபுகுஷிமாவையும் பார்த்த ஜப்பானில், இப்போது பாதிக்கு மேல் மக்கள் அணு உலைகளைத் திறக்கச் சொல்கிறார்களாமே, நிஜமா? அரசு அங்கே மக்கள் பேச்சைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறதா?"

முதல் பாதிக்குப் பதில்: நிஜம்தான். நின்றுபோன உலைகளைத் திரும்ப இயக்கலாமா என்று அசாஹி ஷிம்புன் நாளிதழ் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. 2022 பிப்ரவரியில் வேண்டாம் என்றவர்கள் 47%, சரி என்றவர்கள் 38%. மறு ஆண்டு பிப்ரவரியில் சரி 51%, வேண்டாம் 42%. விபத்துக்குப் பிறகு அந்தக் கருத்துக்கணிப்பில் "சரி" பாதியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அசாஹி அணுசக்திக்குக் கொடி பிடிக்கும் பத்திரிகையும் இல்லை, ஆகவே எண்ணைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரே ஆண்டில் 13 புள்ளி ஏறியது எதனால் என்று பார்க்காமல் "ஜப்பான் பயத்தை மறந்துவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே ஏறியது மின் கட்டணம் பற்றிய கவலை. உலையை ஓட்டும் கம்பெனிகள் மீதான நம்பிக்கை ஏறியதாக எனக்கு எந்த அறிகுறியும் தெரியவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் ஜப்பானின் மின்கொள்கை பிடிபடும்.

குண்டு விழுந்த நாடு எப்படி உலை கட்டியது என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் இடறும் இடம் அது. 1954 மார்ச் 1-ம் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், தூரத்தில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த டாய்கோ ஃபுகுர்யூ மாரு என்ற ஜப்பானியப் படகின் மேல் விழுந்தது. படகின் ரேடியோ ஆபரேட்டர் அந்தச் செப்டம்பரில் இறந்துபோனார். டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்துப் பெண்கள் வீட்டுக்கு வீடு போய் ஆரம்பித்த கையெழுத்து இயக்கம் நாடு முழுக்கப் பரவி 3 கோடிப் பெயர்களைத் தாண்டியது. அதே மார்ச் மாதத்தில், படகுச் செய்தி வெளியே வருவதற்குச் சில நாள் முன்னால், நாகசோனே யசுஹிரோவும் சில இளம் எம்.பி.க்களும் அணு ஆராய்ச்சிக்கு 23.5 கோடி யென் ஒதுக்கச் செய்திருந்தார்கள். உலையில் பிளக்கும் யுரேனியம்-235-ன் எண்ணுக்காகவே அந்தத் தொகை என்று சொல்வார்கள்.

குண்டு வேறு, மின்சாரம் வேறு என்று மக்கள் மனத்தில் பிரித்து வைக்கும் வேலை அப்போதே நடந்தது. அதை முன்னின்று செய்தவர் யோமியூரி ஷிம்புன் அதிபர் ஷோரிகி மட்சுதாரோ. 1955-ல் டோக்கியோவில் அமெரிக்கத் தரப்போடு சேர்ந்து "அமைதிக்கான அணு" கண்காட்சி நடத்தினார். 1956-ல் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரும் அவரே. அந்தக் கண்காட்சி ஹிரோஷிமாவுக்கும் போனது. நடந்த இடம் எது தெரியுமா? குண்டில் செத்தவர்களின் நினைவாகக் கட்டிய அமைதி அருங்காட்சியகம். 1970-ல் மிஹாமா உலையின் மின்சாரம் ஒசாகா உலகக் கண்காட்சிக்குப் போனபோது அது நாடே கொண்டாடிய செய்தி.

1973 எண்ணெய் நெருக்கடி வந்ததும் விவாதம் முடிந்துபோயிற்று. எண்ணெய், நிலக்கரி, எரிவாயு எதுவும் சொந்தமாகப் பெரிதாக இல்லாத தீவு நாட்டுக்கு யுரேனியம் "பாதி உள்நாட்டுச் சரக்கு" மாதிரி. ஒருமுறை வாங்கிப் போட்டால் நீண்ட நாள் ஓடும். மறு ஆண்டே, பிரதமர் தனாகா காகுவேய் காலத்தில், மின்நிலையம் அமையும் ஊர்களுக்குப் பணம் போக மூன்று சட்டங்கள் வந்தன. நாட்டில் யார் மின்சாரம் பயன்படுத்தினாலும் அதில் ஒரு சிறு வரி. அந்த வரி உலைக்கு இடம் கொடுத்த ஊருக்கு மானியம். மீன் பிடித்தும் நெல் விளைத்தும், பனிக்காலத்தில் டோக்கியோவுக்குக் கூலி வேலைக்குப் போயும் பிழைத்த கடலோர ஊர்களில் நீச்சல் குளமும் நூலகமும் விளையாட்டரங்கமும் முளைத்தன.

இதன் விளைவை ஒரே ஊரில் பார்க்கலாம். ஃபுகுஷிமா டாயிச்சி நிலையம் இருப்பது ஓகுமா, ஃபுதாபா என்ற இரண்டு சிற்றூர்களில். மானியம் நிரந்தரம் இல்லை. உலைக்கான சொத்து வரியும் உலை பழசாகப் பழசாகத் தேய்ந்துகொண்டே போகும். கட்டி வைத்த கட்டடங்களைப் பராமரிக்கும் செலவு மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே 1991-ல் ஃபுதாபா ஊர் மன்றமே இன்னும் உலைகள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கடைவீதிக்கு மேலே வளைவு மாதிரி ஒரு பெரிய பலகை: "அணுசக்தி, ஒளிமயமான எதிர்காலத்தின் ஆற்றல்." அந்த வாசகம் 1988-ல் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியது. ஊர் நடத்திய வாசகப் போட்டியில் தேர்வாகிப் பலகை ஏறியது. 2011-க்குப் பிறகு ஆளில்லாத வீதிக்கு மேலே அந்தப் பலகை நிற்கும் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அந்தப் பையன் வளர்ந்து, தானும் ஊரைவிட்டு வெளியேறி, பாதுகாப்பு உடையோடு ஒரு நாள் திரும்பி வந்து, "ஒளிமயமான" என்ற இடத்தை மறைக்கிற மாதிரி "அழிவு" என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டார். 2015 இறுதியில் பலகையை இறக்க ஊராட்சி முடிவெடுத்தபோது அதை எதிர்த்தவரும் அவர்தான். இறக்கக் கூடாது, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றார். இப்போது அது ஃபுதாபாவில் உள்ள பேரிடர் நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விபத்துக்கு முன்னும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நீகாத்தா மாவட்டத்து மாகி ஊரில் 1996 ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 61% பேர் உலை வேண்டாம் என்றார்கள். 2003-ல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. 1995-ல் மோன்ஜு உலையில், அதைக் குளிர்விக்கப் பயன்பட்ட சோடியம் கசிந்தது. கசிந்ததைவிட, எடுத்த வீடியோவை மறைத்ததுதான் மக்களை எரிச்சலூட்டியது. 1999-ல் தோக்காய்முராவில் யுரேனியத்தைக் கையாண்ட விபத்தில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். 2002-ல் டோக்கியோ மின் கம்பெனியான டெப்கோ, சோதனைப் பதிவுகளைத் திருத்தி எழுதிவந்தது அம்பலமாகி, மறு ஆண்டு அதன் 17 உலைகளும் நிறுத்தப்பட்டன. இத்தனைக்குப் பிறகும் 2010-ல் அரசு போட்ட திட்டம், 2030-க்குள் மின்சாரத்தில் பாதியை அணுவிலிருந்து எடுப்பது என்பது. அன்று ஓடக்கூடிய நிலையில் இருந்தவை 54 உலைகள்.

2011 மார்ச் 11 பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1.6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. ஒரே ஒரு விவரத்தை மட்டும் சொல்லியாக வேண்டும்: அந்த நிலையத்தின் மின்சாரம் ஃபுகுஷிமா மாவட்டத்துக்குப் போகவே இல்லை. அந்த மாவட்டத்துக்கு விநியோகம் செய்வது தோஹோக்கு மின் கம்பெனி. டாயிச்சி டெப்கோவுடையது, அங்கே உற்பத்தியானதெல்லாம் டோக்கியோ வட்டாரத்துக்கு. விளக்கு ஒரு ஊரில், கதிர்வீச்சு இன்னொரு ஊரில் என்ற இந்தக் கணக்கை ஜப்பான் மக்கள் மறக்கவில்லை. நீகாத்தாவின் காஷிவாஸாகி-காரிவா நிலையமும் இதே கதைதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

விபத்துக்குப் பிறகு தெருவில் இறங்கிப் பழக்கமில்லாத ஜப்பானியர்கள் தெருவில் இறங்கினார்கள். 2012 கோடையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் பிரதமர் அலுவலகத்தின் முன்னால் கூட்டம். வேலை முடிந்து கோட்டுப் போட்டபடியே வந்தவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிவந்த தாய்மார்கள். ஜூலை 16-ம் தேதி யோயோகி பூங்காவில் கூடியவர்கள் அமைப்பாளர்கள் கணக்கில் 1.7 லட்சம், போலீஸ் கணக்கில் 75,000. போலீஸ் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் பல ஆண்டுகளாக அந்த நகரம் பார்க்காத கூட்டம் அது.

அதே கோடையில் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 2030-ல் அணுமின்சாரம் 0%, 15%, 20-25% என்று மூன்று வழிகளை மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்டது. எழுத்து மூலம் சுமார் 89,000 கருத்துகள் வந்தன. 90 சதவீதத்துக்கு நெருங்கியவை பூஜ்யம் கேட்டவை. ஆனால் எழுதிப் போடுகிறவர்கள் ஏற்கெனவே முடிவோடு இருப்பவர்கள்தானே. ஆகவே நாடு முழுக்கத் தொலைபேசியில் 6,800-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, அவர்களில் 285 பேரை ஆகஸ்டில் டோக்கியோவின் கேயோ பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்தார்கள். இரண்டு நாள். இரு தரப்பு வாதங்களும் உள்ள கையேடு கொடுத்தார்கள், சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசவிட்டார்கள், நிபுணர்களைக் கேள்வி கேட்கவிட்டார்கள். கூட்டத்துக்கு முன் பூஜ்யம் வேண்டும் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு. கடைசியில் 46.7%. "விவரம் தெரியாததால்தான் பயப்படுகிறார்கள், விளக்கிச் சொன்னால் மாறுவார்கள்" என்று மின் கம்பெனிகள் காலங்காலமாகச் சொல்லிவந்த வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. விளக்கிச் சொன்னார்கள், எதிர்ப்பு கூடியது.

பிறகு என்ன ஆயிற்று? செப்டம்பர் 14-ம் தேதி பிரதமர் நோதாவின் அரசு, 2030-களுக்குள் அணுமின்சாரம் இல்லாத நிலைக்குப் போக எல்லா வழிகளையும் கையாள்வோம் என்று ஆவணம் வெளியிட்டது. தொழில்துறைக் கூட்டமைப்பான கெய்தான்ரென் கொதித்தது. பயன்படுத்திய எரிபொருளை வாங்கி வைத்திருக்கும் அவோமோரி மாவட்டம் "கழிவைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற தொனியில் பேசியது. அமெரிக்காவும் கவலை தெரிவித்தது. சில நாளில் அமைச்சரவை அந்த ஆவணத்தையே கொள்கையாக ஏற்காமல், "கருத்தில் கொள்வோம்" என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. டிசம்பரில் தேர்தல். அபேயின் லிபரல் டெமாக்ரடிக் கட்சி அமோகமாக ஜெயித்தது. அணு எதிர்ப்பையே முன்னால் வைத்து ஷிகா மாவட்ட ஆளுநர் காதா யுகிகோ தொடங்கிய கட்சி 9 இடத்தோடு நின்றது.

பெரும்பான்மை உலை வேண்டாம் என்று சொன்ன ஆண்டில் உலை வேண்டும் என்ற கட்சி எப்படி ஜெயித்தது? இதற்கு மர்மம் எதுவும் தேவையில்லை. ஆளும் டெமாக்ரடிக் கட்சி மீது பூகம்ப நிவாரணம், விற்பனை வரி என்று எல்லாவற்றிலும் கோபம். வாக்குப் போடும்போது மக்கள் பார்த்தது வேலையையும் விலைவாசியையும். எதிர்க்கட்சிகளுக்கு உள்ளேயும் ஒரு முடிச்சு உண்டு: மின்துறைத் தொழிற்சங்கங்கள் அணு உலை ஆதரவாளர்கள், அவை எதிர்க்கட்சி ஆட்களுக்குத்தான் தேர்தல் வேலை செய்யும். ஆகவே "உலையை மூடு" என்று ஒரே குரலில் பேசக்கூடிய பெரிய கட்சி அங்கே உருவாகவே இல்லை. 2013-ல் ஓய்வுபெற்ற பிரதமர் கொய்சுமி ஜூனிச்சிரோ, பின்லாந்தின் ஓன்காலோ கழிவுக் கிடங்கைப் பார்த்துவிட்டு வந்து பூஜ்யம் என்று முழங்கினார். 2014 டோக்கியோ ஆளுநர் தேர்தலில் அவர் ஆதரித்த இன்னொரு முன்னாள் பிரதமர் ஹொசோகாவா மூன்றாம் இடம். கருத்துக்கணிப்பில் பெரும்பான்மை, வாக்குப்பெட்டியில் காணவில்லை.

அப்படியானால் மக்கள் கருத்துக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் டோக்கியோ நாடாளுமன்றத்தில் தேடக் கூடாது. 54 உலைகள் இருந்த நாட்டில் 2025 முடியும்போது திரும்ப ஓடத் தொடங்கியிருந்தவை 14. ஆட்சியில் இருந்ததோ ஏறக்குறைய முழுக்க முழுக்க அணு ஆதரவுக் கட்சி. ஓட்டவேண்டும் என்று நினைத்த அரசால் ஏன் ஓட்ட முடியவில்லை என்று கேட்டால் மக்கள் கருத்து எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

முதலாவது, 2012 செப்டம்பரில் தனியாகப் பிரிக்கப்பட்ட அணு ஒழுங்குமுறை ஆணையம். மறு ஆண்டு கொண்டுவந்த புதிய விதிகளின்படி பூகம்பம், சுனாமி, மின்தடை எல்லாவற்றுக்கும் மறுபடி செலவு செய்து நிரூபிக்க வேண்டும். பல பழைய உலைகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை, மூடிவிட்டார்கள். சுருகா 2-ம் உலையின் அடியில் நகரக்கூடிய நிலப்பிளவு இருக்கலாம் என்பதால் 2024 நவம்பரில் அனுமதியே மறுத்தது ஆணையம். புதிய விதிகளில் அதுவே முதல் நிராகரிப்பு.

இரண்டாவது, நீதிமன்றம். 2014 மே மாதம் ஃபுகுயி மாவட்ட நீதிமன்றம் ஓயி உலைகளை இயக்கக் கூடாது என்றது. 2016 மார்ச்சில் ஓட்சு நீதிமன்றத்தின் தடையாணையால் ஓடிக்கொண்டிருந்த தாகஹாமா உலையையே நிறுத்த வேண்டியதாயிற்று. மேல்முறையீட்டில் இவை பெரும்பாலும் கவிழ்ந்துவிடும், அது உண்மை. ஆனால் எந்த நாளில் எந்த நீதிபதி நிறுத்தச் சொல்வாரோ என்ற நிலையில் உலை வைத்துத் தொழில் நடத்துவது கம்பெனிக்குத் தலைவலி. 2021-ல் மீத்தோ நீதிமன்றம் தோக்காய் 2-ம் உலையைத் தடுத்த காரணம் இன்னும் சுவாரசியம்: உலையில் குறை சொல்லவில்லை. 30 கிலோமீட்டருக்குள் 9 லட்சத்துக்கு மேல் மக்கள். அவர்களை வெளியேற்ற உருப்படியான திட்டம் இல்லை என்றது.

மூன்றாவதுதான் முக்கியம்: ஆளுநரின் சம்மதம். எந்தச் சட்டத்திலும் இது கட்டாயம் என்று எழுதியிருக்கவில்லை. மின் கம்பெனிக்கும் மாவட்டத்துக்கும் இடையிலுள்ள பாதுகாப்பு ஒப்பந்தமும் பழக்கவழக்கமும்தான். ஆனாலும் ஆளுநர் தலையாட்டாமல் எந்தக் கம்பெனியும் உலையைக் கிளப்பத் துணிவதில்லை. ஆளுநரோ மாவட்ட மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். தேசிய அளவில் சிதறிப்போகும் எதிர்ப்பு இங்கே ஒரே இடத்தில் குவிகிறது. நாட்டுக்கே திசை காட்டும் சக்தி ஜப்பானில் மக்கள் கருத்துக்கு இல்லை, பிரேக் பிடிக்கும் சக்தி நிறையவே இருக்கிறது என்பது என் கணிப்பு.

இப்போது 2022-க்கு வருவோம். பிப்ரவரியில் உக்ரைன் போர்; இயற்கை எரிவாயு விலை எகிறியது. ஜப்பான் வாங்கும் திரவ எரிவாயுவில் சுமார் பத்தில் ஒரு பங்கு ரஷ்யாவின் சகாலினிலிருந்து. மார்ச் 16-ல் ஃபுகுஷிமா கடலோரத்தில் மீண்டும் பூகம்பம், சில அனல் நிலையங்கள் நின்றன. அடுத்த வாரம் திடீரென்று குளிர். 22-ம் தேதி டோக்கியோ வட்டாரத்துக்கு மின்பற்றாக்குறை எச்சரிக்கை. இப்படி ஓர் எச்சரிக்கை அதற்கு முன் வந்ததே இல்லை. மேற்கிலிருந்து மின்சாரம் அனுப்பலாமே என்றால் அதிலும் சிக்கல். மின்சாரத்தின் அதிர்வெண் கிழக்கு ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ். 19-ம் நூற்றாண்டில் டோக்கியோ ஜெர்மன் எந்திரமும் ஒசாகா அமெரிக்க எந்திரமும் வாங்கியதன் வினை இன்றுவரை தொடர்கிறது. மாற்றிக் கொடுக்கும் நிலையங்களின் திறன் இன்னும் 21 லட்சம் கிலோவாட்தான், 2011-ல் அதில் பாதி. அக்டோபரில் டாலருக்கு 150 யென் என்று யென்னும் சரிந்தது. அந்த ஆண்டு வர்த்தகப் பற்றாக்குறை ஏறத்தாழ 20 லட்சம் கோடி யென்.

வீட்டில் இது எப்படித் தெரிந்தது என்றால், 2023 ஜூனில் ஏழு மின் கம்பெனிகள் வீட்டுக் கட்டணத்தை உயர்த்தின. உலைகள் ஓடிக்கொண்டிருந்த, ஒசாகா வட்டாரத்துக் கான்சாய் கம்பெனியும் கியூஷு கம்பெனியும் அந்த ஏழில் இல்லை. டோக்கியோவில் இருப்பவருக்கும் ஒசாகாவில் இருக்கும் அவர் அக்காவுக்கும் பில் வேறு வேறு. அணுசக்திக்கு ஆதரவாக அரசு செலவழித்த விளம்பரங்கள் எல்லாம் செய்யாததை இந்த ஒப்பீடு செய்தது. (ஓர் உறுத்தல்: அதே கான்சாய் கம்பெனியின் மேலதிகாரிகள், தாகஹாமா ஊரின் முன்னாள் துணைத் தலைவரிடமிருந்து ரொக்கமும் தங்கக் காசும் கோட்-சூட் தைக்கும் கூப்பனுமாகச் சுமார் 32 கோடி யென் வாங்கியிருந்தது 2019-ல்தான் வெளியானது. மலிவான கட்டணம் அதையும் மறக்கடித்துவிட்டது போல.) 2022 ஆகஸ்டிலேயே பிரதமர் கிஷிதா புதிய தலைமுறை உலைகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார், 2023 மே மாதச் சட்டத்தில், சோதனைக்காகவும் வழக்குக்காகவும் நின்ற காலத்தைக் கழித்துவிட்டு உலைகளை 60 ஆண்டுக்கு மேலும் ஓட்ட வழி கிடைத்தது.

ஆகவே 51% என்பதை இப்படிப் படிக்க வேண்டும்: இருக்கிற உலையை இப்போதைக்கு ஓட்டு. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதிலும் மாறும். "ஓட்டலாமா, கூடாதா" என்று இரண்டே வாய்ப்புக் கொடுத்தால் ஆதரவு பாதிக்கு வரும். அணுசக்தி பற்றிய மக்கள் மனநிலையை 2006 முதல் ஆண்டுதோறும் அளந்துவரும் ஜப்பான் அணுசக்தி கலாசார அறக்கட்டளையின் ஆய்வில் வாய்ப்புகள் அதிகம்: கூட்டு, அப்படியே வைத்துக்கொள், சில காலம் பயன்படுத்திப் படிப்படியாகக் குறை, உடனே நிறுத்து. விபத்துக்குப் பிறகு அதில் தொடர்ந்து முதலிடம் "படிப்படியாகக் குறை" என்பதற்கே. "உடனே நிறுத்து" என்பவர்கள் சுருங்கிவிட்டார்கள், "கூட்டு" என்பவர்களும் கூட்டமாகிவிடவில்லை. ஆண்களைவிடப் பெண்களிடம் எதிர்ப்பு அதிகம், முதியவர்களைவிட இளைஞர்களிடம் ஆதரவு அதிகம்; எந்தக் கணிப்பிலும் இந்த இரண்டும் தப்புவதில்லை. இருபது வயதுக்காரருக்கு ஃபுகுஷிமா பள்ளிக்கூட நினைவு, மின் பில் இந்த மாத உண்மை.

அரசு இதை வேறு மாதிரி படித்துக்கொண்டது. பழைய எரிசக்தித் திட்டங்களில் "அணுசக்தியைச் சார்ந்திருப்பதை முடிந்தவரை குறைப்போம்" என்று ஒரு வரி இருந்தது. நடைமுறையில் யாரும் மதிக்காவிட்டாலும் மக்கள் கருத்துக்குக் கொடுத்த ஒரு வாக்குறுதி அது. 2025 பிப்ரவரியில் வந்த ஏழாவது திட்டத்தில் அந்த வரி இல்லை. 2040-ல் அணு சுமார் 20%, புதுப்பிக்கத்தக்கவை 40-50%, மீதி அனல் என்று இலக்கு. டேட்டா சென்டர்களும் சிப் ஆலைகளும் மின்தேவையைக் கூட்டும் என்பது காரணம். 2023-ல் அணுவின் பங்கு 8.5% மட்டுமே. அதை 20 ஆக்க, மிச்சமிருக்கும் உலைகளில் ஏறக்குறைய எல்லாமே ஓட வேண்டும். ஓடுமா?

நீகாத்தாவைப் பார்த்தால் சந்தேகம் வரும். காஷிவாஸாகி-காரிவாவில் 7 உலைகள், உலகிலேயே பெரிய அணுமின் நிலையம். சொந்தக்காரர் டெப்கோ. 2007 பூகம்பத்தில் மின்மாற்றி தீப்பிடித்துக் கரும்புகை எழுந்ததை மாவட்டமே டிவியில் பார்த்தது. 2020-ல் ஊழியர் ஒருவர் சக ஊழியரின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைவரை போய்விட்டார், யாரும் தடுக்கவில்லை. ஃபுகுஷிமாவை நடத்திய அதே கம்பெனியில், பத்து ஆண்டு ஆகாத நிலையில். ஆணையம் 2021-ல் இயக்கத் தடை போட்டு 2023 டிசம்பரில்தான் விலக்கியது. மறுதொடக்கம் பற்றி மாவட்ட வாக்கெடுப்பு வேண்டும் என்று சுமார் 1.43 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 2025 ஏப்ரலில் மாவட்டப் பேரவை அதை நிராகரித்தது. மாவட்ட நிர்வாகமே எடுத்து அக்டோபரில் வெளியிட்ட கணிப்பில் 60% பேர், இயக்குவதற்கான நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்றார்கள். டெப்கோ ஓட்டுவதே கவலை என்றவர்கள் 70 சதவீதத்துக்குப் பக்கம். டெப்கோ பத்தாண்டில் 10,000 கோடி யென் மாவட்டத்துக்குத் தருவதாகச் சொன்னது. நவம்பரில் ஆளுநர் ஹனாசுமி சம்மதித்தார், டிசம்பரில் பேரவை அவரை ஆதரித்தது. நாடு முழுக்கக் கேட்டால் பாதிப்பேர் சரி என்கிறார்கள், உலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டால் பதில் வேறு.

அதே ஜப்பான் கடலோரத்தில் உள்ள இஷிகாவா மாவட்டத்து அனுபவமும் இந்தப் பயத்துக்குப் பின்னால் இருக்கிறது. 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் பூகம்பம். சாலைகள் பிளந்து ஊர்கள் தீவுகளாயின, வீடுகள் நொறுங்கின. அணு விபத்து வந்தால் "வீட்டுக்குள்ளேயே இருங்கள், அல்லது சாலை வழியே வெளியேறுங்கள்" என்பதுதான் அரசின் திட்டம். இருக்க வீடும் இல்லை, போகச் சாலையும் இல்லை. அங்குள்ள ஷிகா அணுமின் நிலையம் (முன்பு சொன்ன ஷிகா மாவட்டம் வேறு) நல்லவேளையாக ஓடிக்கொண்டிருக்கவில்லை. தீபகற்பத்தின் நுனியில் உள்ள சுஸுவில் 1970-களிலிருந்து ஓர் அணுமின் திட்டம் இருந்தது. 1989-ல் ஊர்க்காரர்கள் நகராட்சி அலுவலகத்தில் 40 நாள் உட்கார்ந்து போராடினார்கள். 2003-ல் கம்பெனிகள் திட்டத்தை முடக்கின. 2024-ல் மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று அதே சுஸு. அன்று "முன்னேற்றத்துக்கு எதிரிகள்" என்று பெயர் வாங்கிய கிழவர்களிடம் பேட்டி எடுக்க டிவிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

கழிவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே சொல்ல முன்னேற்றம் ஒன்றும் இல்லை. பயன்படுத்திய எரிபொருளுக்காக அவோமோரியில் கட்டும் ரொக்காஷோ மறுசுழற்சி ஆலையின் கட்டுமானம் 1993-ல் தொடங்கியது, முடிப்பு 27 முறை தள்ளிப்போயிருக்கிறது. நிரந்தரமாகப் புதைக்க இடம் இல்லை. புத்தகங்களையும் வரைபடங்களையும் வைத்துச் செய்யும் முதல் கட்ட ஆய்வுக்குச் சம்மதித்தாலே ஊருக்கு 200 கோடி யென் வரை கிடைக்கும் என்றாலும் முன்வந்தவை ஹொக்கைடோவில் சுட்சு, காமோயெனாய், பிறகு கியூஷுவில் கென்காய் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஃபுகுஷிமாவிலோ உருகி உறைந்த எரிபொருள் சுமார் 880 டன் என்று கணக்கு. 2024 நவம்பரில் முதல்முறையாக வெளியே எடுத்தது ஒரு கிராமுக்கும் குறைவு.

அணு வேண்டாம் என்பவர்கள் சூரிய ஒளியைக் காட்டுவார்கள். கணிப்புகளில் எல்லோருக்கும் அது பிடிக்கும், ஊர் மலையை வெட்டிப் பலகை பதிக்க வரும்போது பிடிக்காது. ஹொக்கைடோவின் குஷிரோ ஈரநிலத்தைச் சுற்றிச் சூரியப் பண்ணைகள் வருவதை எதிர்த்து அந்த நகரமே 2025-ல் அறிவிப்பு வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மிட்சுபிஷி மூன்று கடல் காற்றாலைத் திட்டங்களைச் செலவு தாங்காமல் கைவிட்டது. கியூஷுவில் இன்னொரு முரண்: வெயில் நன்றாக அடிக்கும் நாளில் மின்சாரம் மிஞ்சினால் முதலில் குறைப்பது அனலை, பிறகு சூரிய ஒளியை, அணு உலை கடைசி வரை ஓடும், விதி அப்படி. ஜெர்மனி 2023 ஏப்ரலில் கடைசி உலைகளை மூடியதோடு ஒப்பிட்டு ஜப்பானைக் குறை சொல்பவர்கள், ஜெர்மனியைச் சுற்றி மின்சாரம் கொடுத்து வாங்க ஒன்பது நாடுகள் இருப்பதையும், ஜப்பானைச் சுற்றிக் கடல் மட்டுமே இருப்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை.

இனி வரும் ஆண்டுகளில் "ஆதரவு எத்தனை சதவீதம்" என்ற தலைப்புச் செய்தியைவிட ஃபுகுயி மாவட்டத்து மிஹாமாவைக் கவனியுங்கள் என்பேன். 2025 ஜூலையில் கான்சாய் கம்பெனி அங்கே புது உலைக்கான நில ஆய்வைத் திரும்பத் தொடங்கப்போவதாக அறிவித்தது. 2011-க்குப் பிறகு புது உலை நோக்கி வைத்த முதல் அடி. பழைய உலையை ஓட்டச் சம்மதிப்பதற்குப் பில் போதும். இன்னும் அறுபது எழுபது ஆண்டு ஓடப்போகிற புது உலைக்கு இடம் கொடுக்கச் சொல்லும்போது, ஓட்டப்போகிறவர் யார் என்ற கேள்வி வரும். அதற்கு ஃபுகுயி மாவட்டம் என்ன சொல்கிறது என்பதில்தான் 2040-ன் 20% இருக்கிறது. டோக்கியோவில் அச்சடித்த திட்டத்தில் இல்லை.